‘ரேஸிங் ஆயில்’ என்றால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

என் கார் 2017-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 60,000 கிலோமீட்டர் நெருங்கியதும் என்ஜின் ஆயில், டிஎஸ்ஜி (இரண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று கோவையில் ஒரு வெளி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெர்ஃபார்மன்ஸ் கார் ஸ்பெஷலிஸ்ட் என்று பெரிய போர்டு. பில் 31,400 ரூபாய். பக்கத்தில் நின்று பார்க்காமல் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனது என் தப்பு.

இரண்டு வாரம் கழித்துக் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பாதி தாண்டியிருப்போம், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. இரண்டு முறை பம்ப் செய்த பிறகுதான் வண்டி பிடித்தது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே காரவள்ளி வரை வந்தோம். வீட்டுக்காரி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பில்லில் ‘டாட் 5.1’ என்று பிரேக் ஆயிலின் தரம் போட்டிருந்தது. புதிதாக ஊற்றிய 5.1 குறைந்தது 260 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும், கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் காலோடு போய்விடும். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கருவி வைத்துப் பார்த்தார்கள்: 148 டிகிரி. அதாவது பழைய ஆயிலை எடுக்கவே இல்லை, மேலாக டாப்-அப் செய்திருக்கிறார்கள். (டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிகான். 5.1-க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) வண்டியில் அதை ஊற்றிவிடாதீர்கள்.)

சரி, பிரேக்கோடு போகட்டும் என்று பார்த்தால் கியர்பாக்ஸ். சிக்னலில் வண்டி நகரும்போது ஒரு நடுக்கம் வந்துகொண்டிருந்தது. இந்த ஆறு கியர் டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச்சும் ஆயிலிலேயே மூழ்கி ஓடும். பல்சக்கரத்துக்கும் கிளட்ச்சுக்கும் அதே ஆயில்தான். அதனால் ஸ்கோடாவின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வேகனின் ஆயில் எண், ஜி 052 182 அல்லது அதற்கு ஈடு என்று டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். புது மெக்கானிக் வடிகால் போல்ட்டைக் கழற்றினார். நல்ல சிவப்பாக ஊற்றியது. “இது சாதா ஆட்டோமேட்டிக் ஆயில் சார்” என்றார். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் முதல் ஒர்க்‌ஷாப்காரரே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘வேலை நடக்குது’ போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் ஏடிஎஃப், அதாவது அந்தச் சாதா ஆட்டோமேட்டிக் ஆயில், 20 லிட்டர் பக்கெட், மூடி திறந்தபடி. பில்லில் புது ஃபில்டருக்கும் காசு. கழற்றினால் பழைய ஃபில்டர், கறுத்துப்போய்.

என்ஜினில் என்ன தெரியுமா? 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில். “எம்3-க்கே இதைத்தான் ஊத்துறாங்க, ரேஸிங் ஆயிலுங்க” என்று முதல் ஒர்க்‌ஷாப்காரர் அன்றைக்கே பெருமையாகச் சொன்னார். பழைய பிஎம்டபிள்யூ எம்3 என்ஜினுக்கு அது சரிதான், அந்தக் கம்பெனியே கேட்ட ஆயில். என் டர்போ என்ஜின் கேட்பது ஃபோக்ஸ்வேகனின் தர எண்ணான விடபிள்யூ 502 00 அல்லது 504 00 என்று அச்சடித்த 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40. அந்த எண் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கம் இருப்பது ரேஸ் செக்கர்டு கொடி படம் மட்டும். கூலன்டில் வேறு வகைப் பச்சைக் கூலன்டைக் கலந்ததைப் பற்றி எழுதத் தெம்பில்லை.

எல்லாவற்றையும் திரும்பச் செய்ய 43,000 ஆனது. இந்த முறை ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஆயில் டப்பாக்களின் சீலை என் முன்னால் உடைத்து என் கையில் கொடுத்தார்கள். டிஎஸ்ஜி ஆயிலை ஊற்றி, லேப்டாப்பில் சூட்டைப் பார்த்து, 35-க்கும் 45 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போதுதான் மிச்சத்தைச் சொட்டச் சொட்ட வடியவிட்டு அளவு பிடித்தார்கள். நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது, கிளட்ச் தேய்ந்திருக்கிறதா என்பதை இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய ஃபில்டரை எடுத்துக்கொண்டு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. “இத்தனை வருசமா இதைத்தானுங்க ஊத்துறோம், யாரும் வந்து கேட்டதில்லையே” என்றார்.