முதல் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: மூன்று ஆண்டு ஓட்டிய கணக்கு

சிங்கப்பூரில் மலை என்று பெயர் சொல்ல புக்கிட் தீமா ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் 163 மீட்டர் சொச்சம். இங்கே எதற்கு ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் என்று வீட்டிலும் கேட்டார்கள், வேலையிடத்திலும் கேட்டார்கள். கேட்டவர்கள் செஸ்நட் இயற்கைப் பூங்காவின் 8.2 கிலோமீட்டர் சைக்கிள் தடத்தில் ஒரு சுற்று வந்து பார்க்க வேண்டும். ஏற்றங்கள் பெரிதில்லை. ஆனால் மழை மண்ணை அரித்து, மரவேர்களைக் கைவிரல் போல வெளியே விட்டிருக்கிறது. வேர், கல், களிமண், மறுபடி வேர். இரண்டு ஆண்டுகள் அந்தத் தடத்தில் ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அது நிற்காமல் பேசியது. அப்போதுதான் பின்சக்கரத்துக்கும் ஷாக் இருக்கிற வண்டி வாங்கலாம் என்று முடிவெடுத்தேன்.

கையில் இருந்தது 2,000 சிங்கப்பூர் வெள்ளி. அதில் வண்டியும் வாங்க வேண்டும், முதல் ஆண்டுப் பராமரிப்பும் அடங்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் நிறைய பேர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹார்ட்டெயிலில் செயினும் பிரேக்கும் பார்த்தால் பெரும்பாலும் போதும். ஃபுல் சஸ்பென்ஷனில் கூடுதலாக ஒரு ஷாக், சட்டத்தில், அதாவது ஃபிரேமில், அசையும் மூட்டுகள், ஒவ்வொரு மூட்டிலும் பேரிங். எல்லாம் தேயும். வாங்கும்போதே பாதி செலவுதான் முடிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

முதலில் 350 வெள்ளி வண்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆசை எல்லோருக்கும் வரும். நண்பர் ஒருவரிடம் அப்படியொரு ‘டபுள் ஷாக்’ சைக்கிள் இருந்தது. ஒரு வாரம் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். பார்ப்பதற்கு அசல் போலவே இருக்கும். ஆனால் பின்னால் இருப்பது வெறும் சுருள்வில். அதை அடக்கி மெதுவாகத் திரும்ப வைக்கும் எண்ணெய் அமைப்பு, டேம்பிங் என்று சொல்வார்களே, அது கிடையாது. வேரில் ஏறினால் வில் அமுங்கும், அடுத்த நொடியே நம்மைத் தூக்கிப் போடும். மிதிக்கும்போது பாதி உழைப்பு வில்லை ஆட்டுவதிலேயே போய்விடும். எடை 17 கிலோவுக்கு மேல். மூட்டுகளில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ், அதாவது வெறும் உருளை வளையம். அந்தப் பணத்துக்கு நல்ல ஹார்ட்டெயில் ஒன்றைப் பழையதாக வாங்கலாம், காட்டுத்தடத்துக்கு அதுதான் பத்திரம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அசல் வண்டிகளில் ஆரம்ப நிலை என்றால் நான் பார்த்தவை பாலிகன் சிஸ்கியூ, ஜயன்ட் ஸ்டான்ஸ், மாரின் ரிஃப்ட் ஸோன். மூன்றும் அலுமினியச் சட்டம், பின்னால் 120 மில்லிமீட்டரையொட்டிய ஓட்டம், அதாவது பின்சக்கரம் மேலே எழும்பக்கூடிய தூரம். 150, 160 என்று பெரிய எண்களைப் பார்த்து மனம் போகத்தான் செய்யும். ஆனால் அது நீண்ட, செங்குத்தான இறக்கங்களுக்கானது. செஸ்நட்டிலும் புலாவ் உபின் தீவின் கெத்தாம் தடத்திலும் 120க்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஓட்டம் கூடக்கூட எடையும் கூடும், மிதிக்க மந்தமாகவும் இருக்கும். எங்கள் தடங்களில் பாதி நேரம் மிதித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

கடைசியில் இந்த வகையில் இரண்டு ஆண்டு பழைய வண்டி ஒன்றை, பழைய பொருள்கள் விற்கும் கேரோசெல் செயலியில் பார்த்து 1,450 வெள்ளிக்கு வாங்கினேன். எந்த நிறுவனம் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். ஒரே பெயரில் வரும் வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), ஷாக், கியர் எல்லாம் மாறிவிடும். பெயரை நம்பி வாங்குவதைவிட, கண் முன்னால் நிற்கிற வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவதே சரி.

நான் கட்டாயம் என்று வைத்திருந்தவை நான்குதான். முன்னும் பின்னும் காற்று ஷாக். இரண்டு சக்கரத்துக்கும் த்ரூ ஆக்ஸில், அதாவது சக்கரத்தின் நடுவே ஊடுருவிப் போகும் தடித்த அச்சு, பின்னால் 148 மில்லிமீட்டர் அகலமுள்ள பூஸ்ட் அளவு. ஃபோர்க் நுழையும் சட்டத்தின் முன்குழாய், ஹெட் டியூப், கீழே அகன்று மேலே குறுகும் வகை. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். இதில் நடுவில் சொன்ன இரண்டும் சலிப்பூட்டும் விவரமாகத் தெரியும். ஆனால் நாளைக்கு ஃபோர்க்கையோ சக்கரத்தையோ மாற்ற வேண்டி வந்தால், கடையில் கிடைப்பது பொருந்துமா பொருந்தாதா என்பதை இவைதான் முடிவு செய்யும். பழைய 135 மில்லிமீட்டர் குயிக் ரிலீஸ் (மெல்லிய அச்சு) சக்கரத்தோடு சில வண்டிகள் மலிவாக வரும். அதற்குப் பிறகு நல்ல சக்கரம் தேடினால் தெரியும் சிரமம்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது அவசரப்படவே கூடாது. நான் நாற்பது நிமிடம் பார்த்தேன், விற்றவர் பொறுமையாக நின்றார். சீட்டைப் பிடித்து வண்டியை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், இன்னொரு கை மூட்டுகளின் மேல் இருக்க வேண்டும். ‘டக்’ என்று விரலில் தட்டினால் பேரிங்கோ, ஷாக்கை மாட்டும் இடத்து புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஃபோர்க்கின் பளபளப்பான குழாய்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் சீல் வழியே எண்ணெய் கசியும், அந்தக் குழாயை மாற்றும் செலவுக்கு வேறு ஃபோர்க்கே வாங்கலாம். பிறகு சட்டம். ஷாக் பொருந்தும் இடம், ஹெட் டியூபுக்குக் கீழே வெல்டிங் ஓரம், சீட் குழாயின் அடி. அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அலுமினியத்தில் விரிசல் விழுந்தால் அந்தச் சட்டத்தை நம்பி ஏற முடியாது. நான் பார்த்த முதல் வண்டியை இப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன். விலை 1,100தான், மனம் கேட்கவில்லை, ஆனாலும் விட்டேன்.

வாங்கி முதல் மாதம் எனக்கு அது பிடிக்கவே இல்லை. வேரில் ஏறும்போது ஹார்ட்டெயிலைவிடக் கடினமாக இருந்தது. வீணாகப் பணத்தைப் போட்டுவிட்டோமோ என்று இரண்டு மூன்று இரவு யோசித்தேன். விஷயம் மிக எளியது. விற்றவர் என்னைவிட இருபது கிலோ கூடுதல் எடை, அவர் அடித்து வைத்த காற்றிலேயே நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஷாக் பம்ப் ஒன்று வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடியின் கீழுள்ள வெற்றுத்தளத்தில் உட்கார்ந்து சரிசெய்தேன். நாம் சும்மா ஏறி உட்காரும்போதே ஷாக் தன் ஓட்டத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்க வேண்டும். இதை சேக் என்பார்கள். என் ஷாக் அமுங்கக்கூடிய ஓட்டம் (சக்கரத்தின் ஓட்டம் அல்ல) 45 மில்லிமீட்டர், ஆகவே 12, 13 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். எனக்கு எட்டுதான் அமுங்கியது. ஹெல்மெட், தண்ணீர்ப் பை, காலணி எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஏறி, ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையத்தை மேலே தள்ளி, மெதுவாக இறங்கி, வளையம் எங்கே நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 175 பிஎஸ்ஐக்கு வந்தபோது 13 மில்லிமீட்டர் கிடைத்தது. அப்புறம் ரீபவுண்ட். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதற்கான சிவப்புத் திருகு அது. நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடி இறங்கினால் ஒருமுறை அமுங்கி, எழுந்து, அதோடு நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் திருகை இறுக்க வேண்டும். மறுநாள் செஸ்நட் போனேன். அதே வேர்கள், ஆனால் பின்சக்கரம் தரையைவிட்டு எழவில்லை. ஏற்றத்தில் இதுவரை வழுக்கிய இடத்தில் டயர் பிடித்து ஏறியது. சொகுசு என்று நினைத்து வாங்கினேன். பிடிமானம்தான் பெரிய லாபம் என்று அன்றுதான் புரிந்தது.

வாரம் இரண்டு முறை, மொத்தம் மூன்று மணி நேரம் ஓட்டுகிறேன். ஷாக்கின் காற்றறையையும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியையும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். என் கணக்குப்படி அது நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும். முதல் இரண்டு முறை கடையில் கொடுத்தேன், பிறகு சீல் பெட்டி வாங்கி நானே செய்யக் கற்றுக்கொண்டேன். மூட்டுப் பேரிங்குகளை இருபதாவது மாதத்தில் மொத்தமாக மாற்றினேன். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, களிமண் எங்கும் புகும். வண்டியைக் கழுவும்போது அழுத்தக் குழாயை மூட்டுகளின் மேல் பிடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும், வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். பிரேக் பேட் ஐந்து ஜோடி, செயின் நான்கு, கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) ஒன்று. 10 ஸ்பீடு டியோர் கியர்தான், உதிரிபாகம் மலிவு. செயினை நேரத்துக்கு மாற்றியதால் ஒரு கேசட்டோடு தப்பித்தேன். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம் இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது. எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுகளில் 820 வெள்ளி ஆகியிருக்கிறது. ஹார்ட்டெயிலுக்கு இதில் பாதிகூட ஆகவில்லை.

ஒரு தடவை மட்டும் பயந்தேன். சாங்கியிலிருந்து பம்போட் என்ற சிறு மோட்டார் படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு உபின் போயிருந்தோம். கெத்தாமில் பாதிச் சுற்றில் பின்னால் வந்த தம்பி, “அண்ணே, நில்லுங்க, பின்சக்கரம் ஆடுது” என்று கத்தினார். இறங்கிப் பார்த்தால் பின்மூட்டு போல்ட் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. பேரிங் மாற்றியபோது கைக்கணக்கில் இறுக்கியது நான்தான். அன்று தள்ளிக்கொண்டுதான் படகுத்துறைக்கு வந்தேன். அடுத்த நாளே, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றும், போல்ட் கழலாமல் பிடிக்கும் நீல நிற திரெட்லாக் பசையும் வாங்கினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கையேட்டில் போட்டிருக்கும். மூட்டுள்ள வண்டிக்கு இந்த ரெஞ்ச் ஆடம்பரம் இல்லை, வாங்கும் அன்றே வாங்க வேண்டிய பொருள்.

குறைகள் இருக்கின்றன. 14.8 கிலோ. எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளைத்தான் அனுமதிப்பார்கள் என்பதால் தூரத்துத் தடங்களுக்கு ரோட்டிலேயே மிதித்துப் போக வேண்டும், அப்போது இந்த எடை தொடையில் தெரியும். ஷாக்கை லாக் செய்தாலும் ஹார்ட்டெயிலின் துடிப்பு வராது. பூங்கா இணைப்புப் பாதையும் மண்சாலையும்தான் உங்கள் ஓட்டம் என்றால், இந்தப் பணத்தை நல்ல ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயிலில் போடுங்கள், மனப்பூர்வமாகச் சொல்கிறேன். ஓட்டக் கற்றுக்கொள்ளும் முதல் ஆறு மாதமும் ஹார்ட்டெயிலே நல்ல வாத்தியார். எந்த வேரின் மேல் எப்படிப் போக வேண்டும் என்று அது சொல்லித் தரும்.

மகளுக்குப் பதினைந்து வயது, என் உயரம் வந்துவிட்டாள். இப்போது சனிக்கிழமை காலை வண்டி அவளுடையது. சட்டத்தின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை டேப்பில் என் 175க்குக் கீழே அவள் கையெழுத்தில் 115 என்று இருக்கிறது. கிளம்புமுன் அவளே பம்பை மாட்டிக் காற்றை இறக்குகிறாள். மாலையில் நான் திரும்ப ஏற்றுகிறேன்.