அழித்தாலும் குறையாத டிஸ்க்: மூன்று தரவுத்தளங்களோடு 12 வருடங்கள்

டெலீட் கட்டளை ஆறு மணி நேரம் ஓடி முடிந்தது. நாலு கோடி பழைய பதிவுகள் போயே போய்விட்டன. நிம்மதியாக டிஸ்க்கைப் பார்த்தால், தொடங்கும்போது 94 சதவீதம் இருந்தது 95 ஆகியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. அழிப்பதையும் பதிவுசெய்யத்தானே வேண்டும், அதற்கும் இடம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன் பிறகு ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற மூன்று தரவுத்தள மென்பொருள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறேன். வேகத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இடத்தை இவை எப்படி எடுத்துக்கொள்கின்றன, எப்படித் திருப்பித் தருகின்றன (அல்லது தருவதில்லை) என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஆரக்கிளில் எல்லாமே டேபிள்ஸ்பேஸ் (டேபிள்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் இடம்) கணக்குதான். டேபிள் அதற்குள் இருக்கும், அதற்கு அடியில் டேட்டாஃபைல்கள், அதாவது டிஸ்க்கில் உள்ள நிஜக் கோப்புகள். டிஸ்க் நிறைந்திருப்பதாகத் தெரியும், ஆனால் கோப்புக்குள் பாதி காலி. நேர்மாறாகவும் நடக்கும். டிஸ்க்கில் தாராளமாக இடம் இருக்கும்போதே ஓஆர்ஏ-01653 (டேபிள் வளர இடமில்லை என்ற பிழை) வந்து நிற்கும். நான் மாட்டியது இரண்டாவதில். ஆட்டோஎக்ஸ்டெண்ட் போட்டிருக்கிறோமே, தானாக வளர்ந்துகொள்ளும் என்று இருந்துவிட்டேன். 8 கேபி பிளாக் (படித்தெழுதும் துண்டின் அளவு) உள்ள சாதாரண டேட்டாஃபைல் 32 ஜிபியைத் தாண்டாது. அதற்கு மேல் இன்னொரு கோப்பைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் முதலிலேயே பிக்ஃபைல் (ஒரே பெரிய கோப்பு) வகையாக உருவாக்கியிருக்க வேண்டும். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்காதது என் தப்பு.

டேட்டாஃபைலைச் சுருக்குவது தனிக் கலை. நடுவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும், கோப்பின் கடைசியில் ஏதோ ஒரு சின்ன டேபிளின் ஒரு துண்டு உட்கார்ந்திருந்தால் போதும், சுருக்க முடியாது, ஓஆர்ஏ-03297 என்று சொல்லிவிடும். அந்தத் துண்டு யாருடையது என்று தேடி, நகர்த்தி, நகர்த்தியதால் செல்லாமல் போன இண்டெக்ஸ்களை (தேடலுக்கான குறிப்புகளை) மறுபடி கட்டி... ஒரு இரவு போய்விடும். சில நேரம் அந்தத் துண்டு எப்போதோ டிராப் செய்த (முழுதாக நீக்கிய) டேபிளாக இருக்கும். அது ரீசைக்கிள் பின்னில் (குப்பைத் தொட்டியில்) கிடக்கும், பர்ஜ் செய்தால்தான் (அங்கிருந்தும் அழித்தால்தான்) நகரும். இவ்வளவு இருந்தும், எங்கே எவ்வளவு காலி என்பதை ஒரு கேள்வியில் சொல்லிவிடுவதில் ஆரக்கிளை அடித்துக்கொள்ள மற்ற இரண்டாலும் முடியவில்லை.

போஸ்ட்கிரெஸிலும் டேபிள்ஸ்பேஸ் உண்டு, பெயரளவில். அது வெறும் ஒரு கோப்பகம். இவ்வளவுக்கு மேல் வளராதே என்று அதற்கு வரம்பு போட வழியில்லை. இத்தனை வருடமாகியும் எனக்குத் தீராத குறை இது.

ஆனால் உண்மையான தொல்லை வேறு. இங்கே அப்டேட் என்றால் பழைய பதிவு அப்படியே கிடக்க, புதிது ஒன்று எழுதப்படும். செத்த பதிவுகளை வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து, இந்த இடத்தை மறுபடி பயன்படுத்தலாம் என்று குறித்துவைக்கும். அவ்வளவுதான். டேபிளின் வால்பகுதி முழுவதும் காலியாக இருந்தால் ஒழிய டிஸ்க்குக்கு எதுவும் திரும்பாது. தானாக ஓடும் ஆட்டோவேக்யூமின் இயல்பு அமைப்பு 20 சதவீதம். பத்துக் கோடி பதிவுள்ள டேபிளில் இரண்டு கோடி சாகும்வரை அது எட்டிப் பார்க்காது. பெரிய டேபிள்களுக்கு மட்டும் 2 சதவீதமாகக் குறைத்து வைத்திருக்கிறேன். அப்புறம், யாரோ பரிவர்த்தனையைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், அது முடியும்வரை அதற்குப் பிறகு செத்தவற்றை வேக்யூமால் தொட முடியாது. அதற்கும் ஒரு காலக்கெடு போட்டுவிட்டேன்.

வேக்யூம் ஃபுல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. டேபிளைப் புதிதாக இன்னொரு பிரதி எழுதிவிட்டுத்தான் பழையதை விடும். அதுவரை யாரும் படிக்கக்கூட முடியாது. டிஸ்க் நிறைந்த வீட்டில், ஒழுங்குபடுத்த இன்னொரு வீடு கொடு என்று கேட்பது மாதிரி.

என் வாழ்நாளின் மோசமான சனிக்கிழமையும் போஸ்ட்கிரெஸில்தான். சோதனைக்காக வைத்திருந்த ரெப்ளிகா (நகல்) இயந்திரத்தை நிறுத்திவிட்டேன், ஆனால் மூல இயந்திரத்தில் அதன் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை (நகல் எதுவரை வாங்கியிருக்கிறது என்ற குறிப்பை) நீக்க மறந்துவிட்டேன். வராத ஆளுக்காக வால் (WAL) கோப்புகளை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவேட்டை, சேர்த்துவைத்துக்கொண்டே இருந்தது. பெயருக்கேற்ற மாதிரி வால் நீண்டுகொண்டே போய் டிஸ்க்கை முடித்தது. 13ஆம் பதிப்பிலிருந்து ஒரு ஸ்லாட் அதிகபட்சம் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு போடலாம், ஆனால் நாமாகப் போட்டால்தான். அந்த நேரத்தில் கை துறுதுறுக்கும், அந்தக் கோப்புகளைக் கையால் அழித்துவிடாதீர்கள். முன்பு அந்தக் கோப்பகத்தின் பெயரில் 'லாக்' என்று இருந்தது. சாதாரண லாக்தானே என்று அழித்துத் தரவுத்தளத்தையே தொலைத்தவர்கள் உண்டு. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள்.

மைஎஸ்க்யூஎல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 5.6 முதல் ஒவ்வொரு டேபிளும் தனிக் கோப்பு என்பதால் டிராப் செய்தால் இடம் உடனே கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்தில் எல்லாம் ஒரே ஐபிடேட்டா கோப்பில் ஊதிக்கொண்டே போகும், சுருங்காது. முழுவதையும் டம்ப் எடுத்து மறுபடி ஏற்றினால்தான் விமோசனம். இப்போது கவனிக்க வேண்டியது பின்லாக், அதாவது நடந்த மாற்றங்களின் பதிவேடு. 8.0இல் இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். நான் 7 ஆக்கியிருக்கிறேன். பேக்கப் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஒரு சின்னத் தந்திரம்: ஒவ்வொரு சர்வரிலும் 5 ஜிபி இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு வேலையற்ற கோப்பு போட்டு வைத்திருக்கிறேன். நிறைந்துவிட்டால் முதலில் அதை அழிப்பேன், மூச்சுவிட நேரம் கிடைக்கும். இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் மூன்றிலும் எனக்கு நிஜமாகப் பலன் கொடுத்தது மாதவாரிப் பார்ட்டிஷன், அதாவது டேபிளை மாதம் மாதமாகத் துண்டுபோட்டு வைப்பது. பழைய மாதத்தை டெலீட் செய்யாமல் பார்ட்டிஷனையே டிராப் செய்வது. ஆறு மணி நேர வேலை ஒரு நொடியில் முடிகிறது, இடமும் கையோடு வருகிறது (ஆரக்கிளில் டேபிள்ஸ்பேஸுக்குள்). விலை இல்லாமல் இல்லை. போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் பார்ட்டிஷனுக்கான நெடுவரிசை பிரைமரி கீயிலும் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது) இருந்தாக வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் பார்ட்டிஷன் செய்த டேபிளுக்கு ஃபாரின் கீயும் (இன்னொரு டேபிளைச் சுட்டும் இணைப்பு) கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் பெரிய டேபிளை இதற்கு மாற்றுவது தலைவலி, தொடக்கத்திலேயே செய்தால் அரை மணி நேர வேலை.

அன்றைக்கு நாலு கோடிப் பதிவுகளை அழித்த அந்த டேபிள் மட்டும் இன்னும் பழையபடியே இருக்கிறது. மற்ற டேபிள்கள் பல அதைச் சுட்டுவதால் பிரைமரி கீயை மாற்ற யாரும் சம்மதிக்கவில்லை. வாராவாரம் ஐயாயிரம் ஐயாயிரமாக அழித்துக்கொண்டிருக்கிறேன்.