சத்தம் ஓரிடம், பழுது வேறிடம்: சொகுசு செடானில் 73,000 கிலோமீட்டர்

பழைய ஹேட்ச்பேக் ஓட்டிய காலத்தில் சத்தம் எனக்கு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. வண்டி முழுக்கச் சத்தம் என்பதால் எதுவும் தனியாகக் காதில் விழாது. 2019-ல் அதைக் கொடுத்துவிட்டு, 58,000 கிலோமீட்டர் ஓடிய ஜெர்மன் சொகுசு செடான் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், பின்சக்கர இழுவை. கண்ணாடியை ஏற்றினால் கோவை அவிநாசி ரோட்டின் இரைச்சல் அப்படியே அறுந்துபோகும். அந்த அமைதிக்குத்தான் காசு கொடுத்தேன். அந்த அமைதியில் ஒரு ஸ்க்ரூ லூசானாலும் கேட்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

இன்றைக்கு மீட்டர் 1,31,000. இருக்கை சுகம், மைலேஜ் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சத்தங்களை மட்டும் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த வகைப் பின்சக்கர இழுவைக் கார்களுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான்: நீளவாக்கில் இன்ஜின், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக இரண்டு துண்டாகப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், முன்பக்கம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அலுமினிய ஆர்ம்கள், மூட்டுக்கு மூட்டு ரப்பர்.

முதலில் வந்தது ஒரு ரீங்காரம். 84,000 வாக்கில். வேகம் 60-ஐத் தாண்டினால் ஆரம்பிக்கும், 80-ல் தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். வலது பின்கதவுப் பக்கமிருந்து வந்தது. அதில் எனக்கோ வீட்டில் யாருக்குமோ சந்தேகமே இல்லை. சர்வீஸ் சென்டரில் டயர் என்றார்கள். டயரின் உள்விளிம்பு மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்ததைக் கையைவைத்துத் தடவியும் காட்டினார்கள். அப்படித் தேய்ந்த டயர் ஊளையிடும் என்பது உண்மைதான், நம்பினேன். நாலு டயர், அறுபதாயிரத்துக்குப் பக்கத்தில் போயிற்று. வெளியே வந்து பாலம் ஏறினால் அதே ரீங்காரம். திரும்பிப் போனபோது, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலாக இருக்கலாம், இறக்கிப் பார்க்க வேண்டும் என்று லட்சத்தைத் தாண்டி ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள்.

என் மாமா கணபதியில் பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். "மாப்ள, இது பேரிங் பேசுது. தண்ணி எறங்குன மோட்டார்ல இதே சத்தந்தான் வரும்."

எந்தப் பேரிங் என்பதை அடுத்த ஞாயிறு விடிகாலையில் எல் அண்ட் டி பைபாஸில் போய்ப் பார்த்தோம். 80-ல் போகும்போது வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் இரண்டு படி இறக்கினேன். இன்ஜின் சுற்று எகிறியது, ரீங்காரத்தின் சுருதி அசையவில்லை. ஆக இன்ஜின் இல்லை, சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. தார் மாறும் இடங்களைக் கவனித்தேன். டயர் சத்தமென்றால் சொரசொரப்பான தாருக்கும் வழவழப்பான தாருக்கும் குரல் மாறும். இது மாறவில்லை. பிறகு, முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடத்தில், லேனுக்குள்ளேயே மெதுவாக இடமும் வலமும் வளைத்தேன். இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் விழும். அப்போது சத்தம் கூடியது. வலப்பக்கம் திருப்பினால் ஏறக்குறைய அடங்கியது. ஆக வலது பக்கம்.

முன்னா, பின்னா என்பதற்குச் சாலை தேவையில்லை. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, இன்னொரு கையால் அதே சக்கரத்தின் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டால் போதும். பின்சக்கரத்தில் ஒன்றும் தெரியவில்லை. முன்சக்கரத்தில் ஸ்பிரிங் வழியாக மணல் அரைபடுகிற மாதிரி கைக்கு வந்தது. பின்கதவில் நாங்கள் எல்லோரும் கேட்டது முன்சக்கரப் பேரிங்! தகடு வழியாக ஓடிய சத்தம் எங்கே வெளியே வரத் தோதோ அங்கே வந்திருக்கிறது. ஹப்போடு சேர்த்து மாற்றியதற்கு ஆன செலவு ஒரு டயர் விலையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஸ்கேனர் மாட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று முறை மாட்டினார்கள், மூன்று முறையும் "கோடு ஒன்றும் இல்லை சார்" என்றார்கள். கோடு என்றால் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுது எண். சென்சார் உள்ள இடத்துக்குத்தான் கோடு வரும். ரப்பர் கிழிந்தாலும் பேரிங் தேய்ந்தாலும் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அடுத்தது வேகத்தடைகளில் வந்த "கடக்". மெதுவாக, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வரும். முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். இந்தத் தடவை நான் கையெழுத்துப் போடவில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் போய், முன்பக்க லிங்க் ராடு (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டு) இரண்டையும் கழற்றிவிட்டு, தெருவுக்குள் நடக்கும் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். "ஓட்டலாங்ண்ணா, ரோட்டுக்கு மட்டும் போயிறாதீங்க" என்றார். கடக் காணாமல் போயிருந்தது. லிங்க் ராடு மாற்றியதோடு முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தது தப்பு. சில மாதங்களில் 90-ல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் லேசாக நடுங்க ஆரம்பித்தது. பிரேக் டிஸ்க் என்று யாரும் சொல்வார்கள். கீழ்ப்பக்க ஆர்மான லோயர் ஆர்மைப் பார்த்தால், அதன் மூட்டிலுள்ள ரப்பர் புஷ்ஷுக்குக் கீழே எண்ணெய்க் கறை. இந்தக் கார்களில் அந்தப் புஷ் வெறும் ரப்பர் இல்லை, அதிர்வை விழுங்குவதற்காக உள்ளே திரவம் அடைத்திருக்கும். ரப்பர் கிழிந்தால் அது ஒழுகிவிடும், பிறகு பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். மாற்றினோம், நடுக்கம் போனது. எட்டே மாதத்தில் திரும்ப வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நல்ல பட்டறைகளிலேயே இந்தத் தவறு நடக்கிறது. வண்டி ராம்ப்பில் தொங்கும்போது சக்கரமும் ஆர்மும் கீழே இறங்கி நிற்கும். அந்த நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடமே ரப்பர் திருகிக்கொள்ளும். நின்றாலும் ஓடினாலும் அது முறுகிய நிலையிலேயே இருக்கும். தரமான புஷ்கூடச் சீக்கிரம் கிழியும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். இரண்டாம் முறை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். மெக்கானிக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் 30,000 கிலோமீட்டர் ஆகியும் அந்தப் புஷ் அப்படியே இருக்கிறது.

சிக்னலில் கியர் டி-யில் (டிரைவ்) இருக்க நிற்கும்போது சீட்டில் ஒரு உறுமல், நியூட்ரலுக்குப் போனால் குறையும்: இன்ஜின் மவுண்டிங். அதிலும் திரவம்தான், அதுவும் ஒழுகியிருந்தது. ஜோடியாக மாற்றினேன்.

என்னைத் தூங்கவிடாத சத்தம் இன்னொன்று. 1,07,000-ல், காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கிர்ர்" என்று ஒரு கடகடப்பு, அணைக்கும்போதும் ஒரு முறை. இன்ஜினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் என்று ஒருவர் சொல்ல, வயிற்றைக் கலக்கிவிட்டது. சில டீசல் இன்ஜின்களில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும், அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சில வினாடிகள் மட்டும் இன்ஜினை ஓடவிடுவது. பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றும், அதனால் நீட்டக் கூடாது. பெல்ட் இல்லாமல் சத்தமும் இல்லை. ஆல்டர்னேட்டர் புல்லியில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் ஒன்று உண்டு, அது போயிருந்தது. அதனால் பெல்ட் துள்ளி, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆடியிருக்கிறது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பயந்து ஓடிப்போய்க் காட்டி, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு. இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் உறுமுவது, டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன் கரியை எரித்துக்கொண்டிருந்ததை நாம் பாதியில் நிறுத்தியதால். கிளம்பிய சில அடிகளில் ஒரு "டக்", ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. ஒரு மாதம் சீட்டுக்கடியில் வந்த "கிணிங்" மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சீட் ரயிலை அவிழ்த்துப் பார்த்தால் அம்மாவின் எவர்சில்வர் குங்குமச் சிமிழ். லேபர் சார்ஜ் வாங்க மெக்கானிக்கே கூச்சப்பட்டார்.

இப்போது டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு எழுதுவேன்: வேகம், கியர், பிரேக்கில் கால் இருந்ததா, வளைவா, இன்ஜின் சூடா குளிரா, மழையா. அதை நீட்டினால் பட்டறையில் பேச்சே வேறு மாதிரி ஆரம்பிக்கிறது. "என்னமோ சத்தம் வருதுங்க" என்று போய் நின்றால் பெரிய பாகத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ரப்பர்களுக்கென்றே வருடத்துக்கு ஒரு தொகையை ஒதுக்க முடிந்தால் வாங்கலாம். பத்து வயதை நெருங்கும் வண்டியில் இன்ஜினைவிட ரப்பர்தான் முதலில் கிழவனாகிறது. மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறும்போது இந்தக் கார் காட்டும் நிதானத்துக்காக அந்தச் செலவை நான் பொறுத்துக்கொள்கிறேன். என் மனைவி பொறுத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை.

இந்த வாரத்துச் சத்தம்: காலையில் வாசலிலிருந்து பின்னால் எடுக்கும்போது, பழைய கதவுபோல ஒரு "கிரீச்". முன்பக்கப் புஷ்களில் தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் அடங்குகிறது, அதனால் ரப்பர்தான். நான் வலது என்கிறேன், மாமா இடது என்கிறார். பந்தயம் ஒரு காபி. வியாழக்கிழமை ராம்ப்பில் ஏற்றுகிறோம்.