காரின் உள்கூரை தொங்குகிறதா? அட்டையைக் கழற்றாமல் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

எங்கள் கார் 2010-இல் வாங்கியது. சிறிய கார். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று எவ்வளவோ இடம் இருந்தும் காருக்கு மட்டும் நிழல் கிடையாது. கட்டியவர்கள் மாட்டுவண்டியை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே பதினைந்து வருடமாக அது தெருவிலேயே வெயில் காய்கிறது.

முதலில் பின் கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் அளவுக்குத் துணி உப்பியது. பிறகு அது வயிறு போலத் தொங்க ஆரம்பித்தது. ஒரு நாள் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "யாரப்பா என் தலையைத் தடவுவது?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது.

காரைக்குடியில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். முதல் கடைக்காரர் 6,000 ரூபாய் கேட்டார். துணியைத் தாங்கும் கூரை அட்டையை வெளியே எடுக்க வேண்டும், காரை இரண்டு நாள் விட வேண்டும் என்றார். இரண்டாவது கடைக்காரர் கதவைத் திறந்து துணியை ஒரு தட்டுத் தட்டினார். "அட்டையை எதற்கு அண்ணே கழற்ற வேண்டும்? கழற்றினால் உடைந்துவிடும். அப்படியே புதுத் துணி போட்டுத் தருகிறேன், 3,200 கொடுங்கள்" என்றார். அட்டை உடைந்துவிடும் என்று அவர் சொன்னதில் ஒரு அக்கறை தெரிந்தது. அந்த அக்கறைக்குத்தான் ஏமாந்தேன். 2,800 ரூபாய் மிச்சம் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது என்பதை மறைப்பானேன். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. தன் கடை அட்டையின் பின்பக்கம் தொகையை எழுதிக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஒரே நாளில் வண்டி வந்துவிட்டது. பார்த்தால் புதுக் கார் போல இருந்தது. சாம்பல் நிறத் துணி, ஒரு சுருக்கம் கிடையாது. நான்கு பேரிடம் அந்தக் கடையைச் சிபாரிசு வேறு செய்தேன். அவர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

இது நடந்தது மாசியில். அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போனேன். காரை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, தரிசனம் முடித்து, நிழலில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கையே தெரியவில்லை. கூரைத் துணி முழுவதும் கழன்று, கல்யாண வீட்டில் அவிழ்த்துவிட்ட பந்தல் துணி மாதிரி இருக்கைகளின் மேல் விழுந்து கிடந்தது. சுருட்டி ஒதுக்கலாம் என்று இழுத்தேன். என் வெள்ளை வேட்டி முழுவதும் மஞ்சள் தூள். விரலில் எடுத்துப் பார்த்தால் பிசுபிசுப்பான மாவு மாதிரி இருந்தது, உதறினால் போகவில்லை.

அந்தத் துணியின் ஓரத்தை நகத்தால் பிரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அது ஒரு துணி இல்லை, இரண்டு. மேலே அவர் போட்ட சாம்பல் நிறத் துணி, அதன் முதுகில் எங்கள் பழைய துணி, நடுவில் பழுப்புப் பசை. புதுத் துணி பழைய துணியை நன்றாகத்தான் பிடித்திருந்தது. பழைய துணிக்குத்தான் பிடித்துக்கொள்ள மேலே ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை என்பதை விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். கூரைத் தகட்டுக்குக் கீழே அச்சில் அழுத்திச் செய்த அட்டை ஒன்று இருக்கிறது. அதில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்சின் மேல் நம் கண்ணுக்குத் தெரியும் துணி. தொங்கினால் பசை விட்டுவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் விடுவது பெரும்பாலும் பசை இல்லை. வெப்பமும் காற்றின் ஈரமும் சேர்ந்து அந்த ஸ்பாஞ்சை வருடக்கணக்கில் அரித்து மாவாக்கிவிடுகின்றன. மூடிய காருக்குள் நம் ஊர் வெயிலில் 60 டிகிரிக்கு மேல் போகும், கூரையை ஒட்டிய இடம் அதைவிடச் சூடு. மாவின் மேல் எந்தப் பசையைத் தடவினாலும், ஊசி வழியாக ஏற்றினாலும், அது மாவைத்தான் பிடிக்கும். ஆகவே அட்டையை வெளியே எடுத்து, தூளைச் சுத்தமாகச் சுரண்டாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. முதல் கடைக்காரர் கேட்ட 6,000 அப்படிச் சுரண்டி எடுக்கும் வேலைக்கான கூலி. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். "வெயிலில் நிறுத்தினால் எந்தக் காரும் இப்படித்தான் அண்ணே" என்றார். வெயிலில் நிறுத்தாமல் காரை எங்கே நிறுத்துவது, குளிர்சாதனப் பெட்டியிலா என்று கேட்டேன். சிரித்தார். மறுபடி ஒட்டித் தர 800 ரூபாய் ஆகும் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எந்த வேலை, என்ன ரசீது என்று பேச்சு மாறியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. கையில் ரசீது இருந்தால் அந்த வழியில் போயிருப்பேன். கடை அட்டையின் பின்பக்கம் எழுதிய நான்கு இலக்கத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது?

கோபத்தில் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். அத்தை மகன் ஒத்தாசைக்கு வந்தான். சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, ஓரத்து ரப்பர் எல்லாவற்றையும் கழற்றினோம். கழற்றும்போதே கடைக்காரரின் இன்னொரு கைங்கரியம் தெரிந்தது. ஐந்து கிளிப்புகள் உடைந்திருந்தன, ஒரு கைப்பிடியில் மரத்துக்குப் போடும் திருகாணியை முறுக்கி வைத்திருந்தார். முன் இருக்கைகளைச் சாய்த்துவிட்டுப் பின்கதவு வழியாக அட்டையை வளைக்காமல் வெளியே எடுத்தோம். அது உடையவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

முகப்பில் வைத்துத்தான் வேலை. ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டுப் பசை விழுந்தாலும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அப்பத்தா சொல்லிவிட்டதால், ஒரு வாரத்துச் செய்தித்தாளும் தரைக்குப் போனது. மல்லாந்து பார்த்தால் மேலே பர்மா தேக்கில் முகப்பின் கூரை. நூறு வருடமாக ஒரு விரற்கடை இறங்கவில்லை. கீழே பதினைந்து வருடத்தில் மாவாகிப் போன கூரையை இரண்டு பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தோம். தூள் போகவே மூன்று மணி நேரம் ஆனது. கம்பி பிரஷ் வேண்டாம், அட்டை பிய்ந்துவிடும். நைலான் பிரஷ் போதும்.

துணியைத் தனியாக வாங்காதீர்கள், முதுகில் ஸ்பாஞ்ச் ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். தனித் துணி போட்டால் அட்டையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். பசை சூடு தாங்கும் வகையா என்று டப்பாவில் படித்துவிட்டு வாங்குங்கள். அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிக்கொண்டே போனோம். ஸ்பாஞ்சில் அதிகம் தடவினால் துணிக்கு மேலே கறை ஊறிவிடும். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. இரண்டு மீட்டர் துணி, ஒரு லிட்டர் பசை, பிரஷ், கிளிப் எல்லாம் சேர்த்து எனக்கு 1,650 ரூபாய் ஆனது. பக்கவாட்டில் கூரையோரம் ஏர்பேக் உள்ள புதிய கார் என்றால் மட்டும் இந்த விஷப்பரீட்சை வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடையில்தான் கொடுப்பது என்றால், கழற்றிய அட்டையைத் தூள் நீக்கியபின் ஒரு தடவை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பாதிப் பணம் வேலை முடிந்த பிறகு, அதுவும் ரசீதோடு. இப்போதைக்குக் கையில் காசு இல்லையென்றால் தொங்கும் துணியில் திருகு குண்டூசி குத்திக் காலம் தள்ளலாம். அசிங்கமாக இருக்கும், ஆனாலும் 3,200 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்ததைவிட அது மேல்.

இந்த வருடம் ஐப்பசி அடைமழையும் கடந்துவிட்டது, கூரை இறங்கவில்லை. பின் கண்ணாடிக்கு மேலே இடது மூலையில் மட்டும் ஒரு சுருக்கம் இருக்கிறது. அது அத்தை மகன் அவசரப்பட்டதால் வந்தது என்று நான் சொல்கிறேன். அவன் வேறு மாதிரி சொல்கிறான்.