பாதத்தில் ‘1974’ என்று இருந்தால் போதாது: பழைய பிளேமொபில் வாங்குவோர் கவனத்திற்கு

ஜெர்மனியில் உருவான சிறிய பிளாஸ்டிக் பொம்மைகளான பிளேமொபிலின் பழைய வெளியீடுகளை இணையத்தில் வாங்க எண்ணுபவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘1974ஆம் ஆண்டின் முதல் வெளியீடு’ என்று விளம்பரம் செய்யப்பட்ட குதிரைவீரர் தொகுதி ஒன்றை, வழக்கமான பழைய பொம்மைகளுக்குரிய விலையைவிடப் பல மடங்கு கொடுத்துத் தனி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். சான்றாக அவர் அனுப்பியவை பாதங்களின் படங்கள் மட்டுமே. அவற்றின் அடியில், பிளேமொபிலைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரோடு, ‘ஜியோப்ரா 1974’ என்ற பொறிப்பு தெளிவாகத் தெரிந்தது.

தொகுதி வந்து சேர்ந்ததும், வீரன் ஒருவனின் கையில் வாளைப் பொருத்தியபோது அவனுடைய மணிக்கட்டு சுழன்றது. மணிக்கட்டு சுழலும் பொம்மைகள் 1982இல்தான் வந்தன. அதற்கு முந்தியவற்றில் கை தோளிலிருந்து மேலும் கீழும் அசையுமே தவிர, மணிக்கட்டு திரும்பாது. போதாக்குறைக்கு, ‘இளவரசன்’ என்று சொல்லி ஒரு குழந்தை உருவத்தையும் சேர்த்திருந்தார். பெண் உருவங்களே 1976இல்தான் வெளிவந்தன. குழந்தைகள் வந்தது 1981இல்.

பொறிப்பில் போலி எதுவும் இல்லை என்பதுதான் இந்த ஏமாற்றின் வலிமை. ஜெர்மனியின் சிர்ண்டோர்ஃப் நகரில் இயங்கும் ஜியோப்ரா பிராண்ட்ஸ்டேட்டர் நிறுவனம் 1876இல் தொடங்கப்பட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடியால் பிளாஸ்டிக் விலை ஏறியபோது, குறைந்த மூலப்பொருளில் செய்யக்கூடிய சிறிய பொம்மையை நம்பித்தான் அதன் உரிமையாளர் ஹோர்ஸ்ட் பிராண்ட்ஸ்டேட்டர் தொழிலைத் திருப்பினார். ஹான்ஸ் பெக் வடிவமைத்த, குழந்தையின் கைக்குள் அடங்கும் அந்த ஏழரை சென்டிமீட்டர் உருவம் 1974இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமானது. பாதத்தில் இருப்பது அந்த வடிவமைப்புக்கான உரிமையின் ஆண்டு. பொம்மை எந்த ஆண்டில் வார்க்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. பல ஆண்டுகள் கழித்துச் செய்யப்பட்டவற்றிலும் அதே எண் இருக்கிறது. இதுவரை 300 கோடிக்கும் மேற்பட்ட பொம்மைகள் உற்பத்தியாகியுள்ள நிலையில், மிகச் சாதாரணமான ஒன்றையும் அரிய பொருளாகக் காட்ட அந்த நான்கு இலக்கங்கள் போதுமானவையாகி விடுகின்றன.

இவற்றையெல்லாம் விளக்கிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஆண்டைப் பொறித்தது நிறுவனம், நான் அல்ல” என்று பதில் வந்தது. மணிக்கட்டு சுழல்வதைக் காணொளியாக எடுத்து அனுப்பிய பிறகு அந்தப் பதிலும் நின்றுவிட்டது. பழைய பொம்மைகளை உண்மையான அன்போடு சேர்ப்பவர்களின் நம்பிக்கையையே முதலாக வைத்து நடத்தப்படும் இத்தகைய வணிகத்தை அறியாமை என்று கடந்துவிட என்னால் முடியவில்லை. அதே விளம்பரம், அதே சொற்களோடு இன்னும் இருக்கிறது.

ஆகவே, 1974 என்று யாராவது விலை சொன்னால், பொம்மையின் மணிக்கட்டைத் திருப்ப முயல்வதைக் காணொளியாக அனுப்பச் சொல்லுங்கள். தொகுதியில் உள்ள எல்லா உருவங்களையும் ஒரே படத்தில் கேளுங்கள். பாதத்தின் படத்தையே மறுபடியும் அனுப்பினால் பணம் அனுப்ப வேண்டாம்.