'கூலிங் பேக்கேஜ்' என்று ஒரே வரியில் பில் போட்டால் பணம் கொடுக்காதீர்கள்

டெம்போ டிராவலரை கேம்பராக (உள்ளேயே படுத்துத் தங்கும் வண்டியாக) மாற்றித் தரும் ஒரு பட்டறையில் "ஏசியே வேண்டாம் சார்" என்று சொல்லி 38,000 ரூபாய்க்கு கூலிங் பேக்கேஜ் போட்டார்கள். உள்ளே இருந்தது இதுதான்.

கூரைத் தகரத்தில் வெள்ளி நிற பபுள் ஷீட்டை அப்படியே பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ஃபாயில் சூட்டைத் தடுக்க வேண்டுமானால் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே 20 மி.மீ. காற்று இடைவெளியாவது வேண்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அதனால் பலன் ஏதும் இல்லை. வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும்போது சாதாரண ரப்பர் பசை இளகி, ஷீட்டும் தொங்கிவிடுகிறது. அந்த இடத்தில் 25 மி.மீ. நைட்ரைல் ஃபோமை (சூட்டைத் தடுக்கும் ரப்பர் நுரை ஷீட்), சூடு தாங்கும் பசையில் ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்து, அரை லிட்டர் டேங்க் கொண்ட யூஎஸ்பி 'மினி ஏசி'. பெயர்தான் ஏசி; ஸ்பாஞ்சும் சின்ன ஃபேனும்தான். ஐந்து மணி நேரத்தில் அந்த அரை லிட்டரும் ஆவியானால் கிடைக்கும் குளிர்ச்சி சுமார் 67 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பே 100 வாட் அளவுக்குச் சூடு விடும்! சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கதவைச் சாத்திவிட்டு இதை ஓட்டினால் ஈரப்பதம் ஏறிப் புழுக்கம்தான் மிஞ்சும்.

பெரிய ஏமாற்று, உள்ளே இருக்கும் சூடான காற்றைக் கூரை வழியாக வெளியே தள்ளும் ரூஃப் ஃபேனில். சொன்னது 14 இன்ச் ஃபேன். மூடியைக் கழற்றினால் 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு. நல்ல 14 இன்ச் ஃபேன் முழு வேகத்தில் 900 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வரை இழுக்கும். இவை இரண்டும் சேர்ந்து, கொசுவலையும் இருக்கும்போது, நூறைத் தொட்டாலே அதிகம். போதாக்குறைக்கு, காற்று உள்ளே வர வழியே வைக்கவில்லை. பக்கக் கண்ணாடி எல்லாம் ஃபிக்ஸட். ஃபேன் பின்பக்கம் என்றால் முன்பக்கம், தாழ்வாக, நிழல் விழும் பக்கத்தில், ஃபேன் துளைக்குக் குறையாத அளவில் திறப்பு வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே திறப்பு வைத்தால் அந்தக் காற்றையே இழுத்து வெளியே தள்ளும், படுக்கைப் பக்கம் அசைவே இருக்காது.

டெலிவரி எடுக்கும்முன் ஃபேனை ஓடவிட்டு, திறப்பருகே ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே பாய்ந்து படுக்கையைக் கடந்து போகவேண்டும். ஃபோம் ஒட்டியதும், சீலிங் மூடும்முன் போட்டோ கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பில்லில் உள்ளதைத்தானே போட்டோம்" என்றார்கள். பில்லில் இருந்தது 'கூலிங் பேக்கேஜ் - 1' மட்டும். ஃபேன் மாடல், சிஎஃப்எம், ஃபோம் தடிமன் எல்லாவற்றையும் தனித்தனி வரியாக ஜிஎஸ்டி பில்லில் வாங்கிக்கொள்ளுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது அந்த வரிகள்தான் கைகொடுக்கும்.