திருமங்கலம் கட்டடத்துக்கு டிசைன் சரிபார்ப்பு: காசு வீண் போகவில்லை

திருமங்கலத்தில் எங்கள் இடத்தில் கீழே கடைகள், முதல் மாடியில் காதுகுத்து, வளைகாப்பு நடத்த ஒரு ஹால், அதற்கு மேலே வீடுகள் என்று கட்டுகிறோம். டிராயிங் கைக்கு வந்ததும், கம்பிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால், மதுரையில் வேறொரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கொடுத்து டிசைனைத் தனியாகச் சரிபார்த்தோம். ப்ரூஃப் செக்கிங் என்பார்கள். கட்டுகிற எல்லோரும் செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

தம்பிக்கு முதலில் மனசில்லை. "அண்ணே, அதெல்லாம் சென்னையில அபார்ட்மெண்ட் கட்றவங்க பண்றது" என்றான். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த செய்தி எனக்கு இன்னும் மறக்கவில்லை. எங்கள் ஹாலிலும் பந்தி நடக்கும், குழந்தைகள் ஓடுவார்கள். பிடிவாதமாகக் கொடுத்தேன்.

"எந்த மாடியை எதுக்குப் பயன்படுத்தப் போறீங்க சார்?" என்பதுதான் சரிபார்த்த இன்ஜினியர் கேட்ட முதல் கேள்வி. அதிலேயே பெரிய விஷயம் அகப்பட்டது. ஹால் தளத்துக்கும் வீட்டுக் கணக்கையே, அதாவது சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்தையே, போட்டிருந்தார்கள். நாற்காலியை இஷ்டத்துக்கு நகர்த்திப் போடும் ஹாலுக்கு, கட்டடங்களின் பாரக் கணக்குக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 இரண்டாம் பகுதிப்படி, 500 கிலோ எடுக்க வேண்டும். இரண்டரை மடங்கு! காங்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் அந்த பீம்களை என்ன செய்திருப்போம்?

டிசைன் செய்தவர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்த ஸ்டாட் மென்பொருள் ஃபைலை அவர் முதலில் திறக்கவே இல்லை. ஒவ்வொரு பில்லருக்கும் எவ்வளவு தளம் வந்து சேர்கிறது என்று தானே கணக்குப் போட்டு, அப்புறம்தான் ஒப்பிட்டார். அடுத்தவர் ஃபைலைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதை நான் சரிபார்ப்பு என்று ஏற்க மாட்டேன்.

அப்புறம் அஸ்திவாரம். எங்கள் மண் கரிசல். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் அது தெளிவாக இருந்தும் பில்லருக்கு அடியில் வரும் பூட்டிங் ஐந்தடியில், கரிசலுக்குள்ளேயே நின்றது. சரளை மட்டம் வரை இறக்குங்கள், இல்லையென்றால் அண்டர் ரீம்டு பைல் (அடிப்பக்கம் குமிழ் போல அகன்ற, மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் காங்கிரீட் தூண்) போடுங்கள் என்று எழுதினார். சரளை வரை இறக்கினோம். பால்கனியின் மேல் கம்பி ஸ்லாபுக்குள் போதுமான நீளம் போகாததையும் பிடித்தார். சில பில்லர்களில் கம்பி தேவைக்கு மேல் இருந்ததால் குறைக்கவும் சொன்னார்.

டிசைன் செய்த இன்ஜினியருக்கு முதலில் வருத்தம்தான். ஆனால் கேள்விகளுக்கு வரிசையாக எழுத்தில் பதில் சொன்னார். சிலவற்றில் அவர் விளக்கமே சரி என்று சரிபார்த்தவர் விட்டுக்கொடுத்தார். டிராயிங்கை மாற்றிக் கையெழுத்திட்டதும் டிசைன் செய்தவரே. பொறுப்பு அவரிடம் இருப்பதுதான் முறை.

குறை என்றால், ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், அட்டவணைகள். அப்பாவுக்குக் காட்டத் தமிழில் ஒரு பக்கமாவது இருந்திருக்கலாம். போனில் பொறுமையாக விளக்கினார், அது வேறு. காங்கிரீட்டுக்கு முன் சைட்டுக்கு வந்து கம்பி பார்ப்பது இந்தக் கட்டணத்தில் சேராது. தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கொடுங்கள், காண்ட்ராக்டர் மூலம் வேண்டாம். டிசைன் செய்தவரோடு தொழில் தொடர்பு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் போனால் எங்களுக்குச் சரிபார்த்தவர் வேலையை எடுப்பதில்லை. அதை முதலில் வாங்கி வையுங்கள்.